காற்றாலையும் பனிமான் தோலும்

நோர்வே நாட்டின் நடுப்பகுதியில், துரொன்ஹெய்ம் நகருக்கு எதிர்க்கரையில் நீண்டு கிடப்பது போசென் தீபகற்பம். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பனிமான் மேய்த்து வாழ்வோர் தென்ஸாமி மக்கள். ஸ்கந்திநேவியாவின் வடபால் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் ஸாமிப் பழங்குடியினருள் இவர்கள் ஒரு பிரிவினர்.

மந்தை மேய்ப்பதிலே ஆணும் பெண்ணும் சேர்ந்தே உழைப்பர். எனினும், மான் வீடு வந்தபின் தொடங்கும் வேலைகள் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்து வந்துள்ளன. தோலைச் சுரண்டிப் பதனிடுவதும், கால்தோலைக் கொண்டு காலணி தைப்பதும், தசைநாரைத் திரித்து நூலாக்குவதும் தாயிடம் மகள் கற்கும் தொழில்கள். ஆகவே, மந்தை குறையுமாயின் இறைச்சி வருவாயோடு இக்கைத்தொழிலும் குன்றும்.

இத்தீபகற்பத்தின் ஸ்டோர்ஹெய்யா, ருவான் என்னும் மேட்டுநிலங்களில் 151 காற்றாலைகள் எழுந்தன. 2020ஆம் ஆண்டளவில் வேலை முடிந்தது. புகையின்றி மின்சாரம் பெறும் நோக்கம் நல்லதே. ஆனால், அம்மேடுகள் மந்தைகளின் குளிர்கால மேய்ச்சல் நிலங்கள். சுழலும் இறகுகளையும் புதிய பாதைகளையும் கண்டு பனிமான்கள் ஒதுங்கிவிடுகின்றன.

மந்தைகளைப் பட்டியில் அடைத்துக் குளிர்காலத்தில் தீனி போடுவதற்கென ஏறத்தாழ 9 கோடி குரோனர் நட்டஈடு வழங்குமாறு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் பணித்தது. நாட்டின் உயர் நீதிமன்றமோ இதனை ஏற்கவில்லை. தீனி போட்டு வளர்க்கும் முறை மரபுவழி மேய்ச்சலினின்றும் பெரிதும் வேறானது என அது கண்டது. 2021 ஒக்டோபர் 11ஆந் திகதி 11 நீதியரசர்களும் ஒருமனதாக, காற்றாலை உரிமங்கள் செல்லாவெனத் தீர்ப்பளித்தனர். சிறுபான்மையோர் தம் பண்பாட்டைப் பேணும் உரிமையைக் கூறும் சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை அதற்கு ஆதாரமாயிற்று.

தீர்ப்பின் பின்னரும் காற்றாலைகள் நிற்கவில்லை. 2023 பெப்ரவரியில் ஸாமி இளைஞரும் யுவதிகளும் ஒஸ்லோவிலுள்ள எரிபொருள் அமைச்சினுள் அமர்ந்து மறியல் செய்தனர். அடுத்த மாதம் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் மேய்ப்பர் குழுக்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உடன்பாடு கண்டன. மாற்று மேய்ச்சல் நிலத்துக்கு வழி பிறந்தது. காற்றாலைகளோ அங்கேயே இருக்கின்றன.

இதே துரொன்ஹெய்மிலேதான் 1917 பெப்ரவரி 6ஆந் திகதி ஸாமி மக்களின் முதற் பெருமாநாடு கூடியது. அதைக் கூட்டுவித்தவர்களுள் முதன்மையானவர் எல்சா லவுலா ரென்பெரி என்னும் தென்ஸாமிப் பெண்மணி. நிலம் போனால் வாழ்வு போகும் என்பதே அவர் வாதம். தீனிக்குப் பணத்தால் விலை கொடுக்கலாம். தாய் மகளுக்குக் கற்பிக்கும் தொழிலுக்கு அவ்வாறு விலை கொடுத்தல் இயலாது. காற்றாலைக்கு அடித்தளம் இடுமுன்பே அந்நிலத்துப் பெண்களையும் கேட்டறிதல் முறையாகும்.