பாவு நீட்டாத தெருவில் வீடு

(கலசப்பாக்கத்தில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்னைப் பட்டணத்தருகே நிலம் வாங்கி, மனை பிரித்து, நம்மவரன்றிப் பிறர் குடியேறாவண்ணம் ஒரு நகர் அமைக்கவேண்டும் என்னுந் தீர்மானம் இன்று நம்முன் வந்துள்ளது. அதனை ஆதரித்துப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். தமிழாசிரியன் எடுத்துரைத்தால் மறுப்பார் இரார் என்று எண்ணினார் போலும். ஆதரிக்க எம்மால் இயலவில்லை. காரணம் சொல்லி முடிக்குமளவும் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

நம்மவர் தெருவில் நம்மவரே வாழ்தல் தொன்றுதொட்ட வழக்கம் என்கின்றனர். வழக்கம் என்பது மெய்யே. அவ்வழக்கம் எதனால் வந்தது? மூன்று சேலைக்கு ஒரு பாவு எனின் அது 18 கஜத்திற்குக் குறையாது. விடியுமுன் அதனைத் தெருவில் நீட்டி, கஞ்சி தோய்த்து, இழையோடிழை ஒட்டாமல் ஆற்றி, வெயில் ஏறுமுன் சுருட்டியாகவேண்டும். நான்கு வீட்டு வாயிலை அஃது அடைத்துவிடும். அவ்வேளையில் வண்டியோட்டி வருவார்க்கும் மாடு பிடித்துச் செல்வார்க்கும் அத்தெருவில் வேலையில்லை. அறுந்த இழையைப் பிணைக்க அண்டைவீட்டுப் பெண்டிரும் கைகொடுக்க வேண்டும். இன்று அவர் பாவிற்கு நாம். நாளை நம் பாவிற்கு அவர். இதன்பொருட்டே நெய்வார் ஒரு தெருவில் திரண்டனர். தெருவைக் கட்டியது பாவு. குலம் அதன்பின் வந்து குடியேறிற்று. பட்டணத்தில் மூன்றாம் மாடியிலிருந்து கணினிமுன் அமர்ந்து உழைக்கும் நம் பிள்ளைக்கு நீட்டுதற்குப் பாவு ஏது?

எம் தம்பி 2022-ஆம் ஆண்டில் சிந்தாதிரிப்பேட்டையில் பழைய அடுக்குமாடி ஒன்றில் வீடு வாங்கினான். "போயும் போயும் அந்தக் கலப்புத் தெருவிலா?" என்று இங்குள்ள சிலரே எம்மைக் கேட்டனர். அப்பேட்டை யாவர்க்காக எழுந்தது என்பதை அவர்கள் அறியார். ஜார்ஜ் மார்ட்டன் பிட் சென்னைக் கவர்னராயிருந்த காலத்தில், 1734-ஆம் ஆண்டில், கும்பினியார் தம் துணி வாணிகத்தின்பொருட்டுக் கூவம் வளைந்தோடும் நிலத்தில் அமைத்த நெசவாளர் ஊர் அது. சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு மருவிற்று என்பாரும் உளர். நூற்பார், நெய்வார், துணியில் சித்திரம் எழுதுவார், வெளுப்பார், சாயமிடுவார், இவர்களோடு கோயிற் பணிசெய்வார் ஆகியோர்க்கே அங்கு இடம் என்பது அந்நாளைய கட்டுப்பாடு. பலதிறத்தார் அத்தொழில்களால் ஒன்றுகூடினர். நிலமோ, கும்பினியின் தலைமை வணிகராயிருந்து அப்பதவி இழந்த சுங்குராமச் செட்டியாரின் தோட்டம். அவர் மறுத்தும் பயனின்றி எடுத்துக்கொண்டனர். இன்று அங்கே மூலப்பத்திரம் தேடி அலைவார் இதனை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். ஊரே வில்லங்கத்திற் பிறந்தது! ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசரும் அங்கே அடுத்தடுத்துக் கோயில் கொண்டனர். பின்னர் அமெரிக்கப் பாதிரிமார் வந்தனர். எம்போன்ற பண்டிதர் இன்றும் புரட்டும் தமிழ்-ஆங்கில அகராதியை 1862-இல் வெளியிட்ட வின்சுலோ அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே.

வீடு வாங்குமுன் தம்பி வாடகை வீடு தேடினான். மூன்றிடத்தில் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று வெளிப்படையாகவே கேட்டனர். நான்காமவர் நாகரிகமுடையவர், "வீட்டில் கவிச்சி சமைப்பதுண்டோ?" என்றார். நான்கும் கைகூடவில்லை. இதனைத் தம்பி தொலைபேசியில் உரைத்த இரவு யாம் பெரிதும் வெகுண்டோம். வெகுளி தணிந்தபின் நாணம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பூட்டிக்கிடந்த எம் சிற்றப்பாவின் வீட்டை வாடகைக்குக் கேட்டு ஆசிரியர் ஒருவர் வந்தார். எம் பள்ளியிலேயே பணிபுரிபவர், நண்பகலில் எம் எதிரே அமர்ந்து உண்பவர், ஆதிதிராவிடர். "வீடு பழுது பார்க்கவேண்டியிருக்கிறது" என்று சொல்லி அவரை அனுப்பியவர் யாமே. பழுது ஒன்றும் இல்லை என்பதை அவர் அறிவார். அதுபற்றி இன்றளவும் ஒரு சொல் சொன்னாரில்லை.

தம்பியின் வீட்டிற்கு எதிர்வீட்டார் முஸ்லிம்கள். கீழ்வீட்டார் மீன் வியாபாரி. மேல்வீட்டில் தெலுங்கு பேசும் முதியவர் இருவர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயல் மழை பெய்தபோது எம் அன்னையார் அங்கிருந்தார். மின்சாரம் இல்லை, மின்தூக்கி ஓடவில்லை, அன்னையார்க்கு மூச்சிரைப்புக் கண்டது. எதிர்வீட்டு இளைஞர் இருவரும் மீன் வியாபாரியும் அவரை நாற்காலியில் இருத்தி மூன்று மாடியும் சுமந்திறக்கி, முழங்கால் நீரில் மருத்துவமனை சேர்த்தனர். உடல் தேறியபின் "தூக்கினது யாருடா?" என்று வினவினார். தம்பி சொன்னான். சிறிது நேரம் பேசாதிருந்து, "மூணு வீட்டுக்கும் நம்ம தறிச் சேலை ஒண்ணொண்ணு கொடுத்துடு" என்றார். ஆயினும் மீன் வியாபாரி வீட்டில் அன்னையார் இன்றும் தண்ணீர் அருந்துவதில்லை. யாம் எதையும் மிகைப்படக் கூறோம்.

தீர்மானத்தை முன்மொழிந்த வழக்கறிஞர், சட்டம் இதற்கு இடங்கொடுக்கிறது என்றார். உண்மையே. அகமதாபாத்திலுள்ள பார்சிகளின் வீட்டுமனைக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளையே உறுப்பினராகக் கொள்ளும் விதி செல்லும் என 2005-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு எழுந்த காரணத்தையும் அவர் சொல்லியிருக்கலாம். உறுப்பினர் ஒருவர் தம் மனையைப் பார்சியல்லாதார்க்கு விற்க முயன்றமையால் எழுந்தது அது. நாளை நம் பிள்ளை அயல்நாடு சென்று வீட்டை விற்க நேர்ந்தால், வாங்கவல்லார் நம் சங்கப் பதிவேட்டில் உள்ளவர் மட்டுமே. விலை எங்ஙனம் ஏறும்? அரசினர் அமைத்த சமத்துவபுரங்களையும் நினைமின். முதலாவது 1998-இல் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடெனின், ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10 என்பது திட்டம். அரசு பொருள் செலவிட்டுக் கலக்க முயன்றதை நாம் பொருள் செலவிட்டுப் பிரிக்கவோ?

பட்டணத்து நடுவே வாழ்வது எளிதென்று சொல்ல வந்தோமில்லை. இரைச்சல் மிகுதி, வண்டி நிறுத்த இடமில்லை, சில நாள் லாரித் தண்ணீரே கதி. வாங்குவார் அஞ்சவேண்டியது அண்டைவீட்டார் குலத்தையன்று, பத்திரத்தை. பழைய பேட்டைகளில் கட்டடம் விற்பவருடையதாயிருக்க, அடிமனை கோயிலுக்குரியதாயிருத்தல் உண்டு. கோயில் நிலத்தை முறையான அனுமதியின்றி விற்பது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி செல்லாது. அடுக்குமாடியாயின், நிலத்திற் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பது பத்திரத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வில்லங்கச் சான்றை 30 ஆண்டிற்குக் குறையாமல் பார்த்தல் நன்று. தம்பி முதலில் விரும்பிய வீட்டை இவ்வாராய்ச்சியாலேயே கைவிட்டான். தரகர் அவ்வடிமனையைப் பற்றி வாய் திறந்தாரில்லை.

ஆதலின் யாம் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்துள்ளோம். நிலத்திற்கென ஒதுக்கக் கருதிய பொருளில் ஒரு பகுதியைக் கொண்டு, பட்டணத்தில் எத்தெருவிலேனும் வீடு வாங்கும் நம் பிள்ளைகட்குப் பத்திரம் ஆராய்ந்து தர ஒரு வழக்கறிஞரை அமர்த்துவோம் என்பது அது. வாக்கெடுப்பிற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். சிற்றப்பா வீட்டின் சாவியை எடுத்துக்கொண்டு முந்தாநாள் மாலை அவ்வாசிரியரைக் காணச் சென்றோம். வரவேற்று அமர்த்திக் காப்பி கொடுத்தார். போளூரில் வேறு வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டாராம்.