வந்த வழியே திரும்பினோம்



அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு மலை ஏரியைப் பார்க்கக் குருக்கள் நால்வராக நடந்துகொண்டிருந்தோம். முந்தின இரவு மழை. சேற்றில் ஒரு காலடி. யாரோ வெறுங்காலோடு போயிருக்கிறார் என்றே முதலில் நினைத்தோம். குனிந்து பார்த்தால், ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் பதிந்திருந்தன. விரல்களுக்கு வெகு முன்னால் நகக் குழிகள். கருங்கரடி என்றால் விரல்கள் வளைவாகப் பதியும், நகமும் குட்டை. இது கிரிஸ்லி கரடி. பக்கத்திலேயே அதே வடிவில் சின்னத் தடங்கள். தாயும் குட்டியும்!

குட்டியைப் பறிகொடுத்த கரடியையும் மதிகேடனையும் நீதிமொழிகள் நூல் அருகருகே நிறுத்துகிறது. அன்று அந்தப் பாதையில் நாங்கள் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. ஓடித் தப்ப முடியாது. அது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். குறைந்தது 91 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி, சத்தமாகப் பேசிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. நாங்களோ அதுவரை மௌனமாகச் செபமாலை சொல்லி வந்தோம்.

“இன்னும் அரை மணி நேரம்தானே?” என்றார் ஒருவர்.

“இது அவள் வீடு, ஃபாதர்” என்றார் மூத்தவர்.

அலாஸ்கா நீங்கலாக, மேற்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 50,000 கிரிஸ்லிகள் இருந்தன. சுட்டும் நஞ்சு வைத்தும் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்த பிறகே, 1975-இல் சட்டம் அவற்றைக் காக்க வந்தது. அந்தச் சின்னத் தடத்தை மிதிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மாதா பாட்டு ஒன்றை உரக்கப் பாடி, கைதட்டிக்கொண்டே திரும்பினோம். அந்த ஏரியை இன்றுவரை பார்க்கவில்லை.