வெயிலின் கொடுமையும் நமது கடமையும்



வெயிலிலேயே உழைத்து, வெயிலிலேயே முதிர்ந்த மக்களிடம் வெயிலைப்பற்றி எடுத்துரைக்க என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. பெரட்டு முடிந்ததும், பொழுது புலருமுன் உளியும் வாளியுமாக நிரைக்குள் இறங்கி, வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில் பாலை எடுத்துக்கொண்டு கொட்டகை சேரும் உங்களுக்கு வெயில் புதியதன்று. ஆயினும் பழகிய பொருளிடத்திலேதான் மனிதன் எச்சரிக்கையை இழக்கிறான். பாம்பைக் கண்டால் விலகுகிறோம். மின்கம்பி அறுந்து கிடந்தால் ஒதுங்கிச் செல்கிறோம். வெயிலிடம் மட்டும், "இது நாம் பார்க்காத வெயிலா?" என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் பலர். அந்தத் துணிச்சலைப்பற்றியே இன்று நாம் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

நமது நாட்டில் நான்கு பருவங்கள் இல்லை. ஆனால் மழை குறைந்து, காற்று ஓய்ந்து, வானம் பல நாள் மேகமின்றிக் காயும் காலம் உண்டு. நெகிரி செம்பிலானில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் இதனைப் பெரிதும் உணரலாம். பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மீறிச் சூடேறும் 'எல் நினோ' ஆண்டுகளில் இக்கொடுமை மேலும் மிகுகிறது. அத்தகைய ஓர் ஆண்டான 1998இல், ஏப்ரல் 9ஆம் நாளன்று, பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெப்பத்தின் காரணமாகப் பள்ளிக்கூடங்களைச் சில நாள் மூட நேரிட்டது. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், அளவெடுக்கத் தொடங்கிய நாள் முதலாக 2024ஆம் ஆண்டே மிக வெப்பமான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஆகவே, நமது பாட்டனார் கண்ட வெயில் வேறு, நமது பிள்ளைகள் காணும் வெயில் வேறு.

நமது மாநிலத்தில் போர்ட்டிக்சன் கரையோரத்திற்குக் கடற்காற்றின் துணை உண்டு. மலைகளுக்கு அப்பால் உள்நாட்டில் அமைந்த ஜெலெபு, கோலப்பிலா, ஜெம்போல், தம்பின் பகுதிகளுக்கு அத்துணை இல்லை. அதிலும் ஜெலெபு மழை குறைந்த வட்டாரம் என்று பெயர் பெற்றது. மலேசிய வானிலை ஆய்வு இலாகா வெப்பத்தை மூன்று படிகளாக வகுத்துள்ளது. ஓரிடத்தின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை இருப்பின் அது எச்சரிக்கை நிலை. 37க்கு மேல் 40 வரை இருப்பின் வெப்ப அலை. 40ஐயும் கடந்தால் கடும் வெப்ப அலை. வானொலியிலோ கைப்பேசியிலோ உங்கள் மாவட்டத்தின் பெயர் இந்தப் படிகளில் ஒன்றில் இடம்பெறுமானால், அதனை வெறும் செய்தியாகக் கேட்டுவிட்டுப் போகலாகாது.

பால்மரத் தோட்டத்திற்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. வெயில் கடுமையாகும் அதே மாதங்களில்தான் மரங்கள் இலையுதிர்க்கின்றன. ஆண்டு முழுவதும் குடைபிடித்த மரம், நிழல் மிகவும் வேண்டப்படும் காலத்தில் வெறுங்கிளையாக நிற்கிறது. பால் குறையும் அந்நாட்களில் வருமானத்தை ஈடுசெய்யப் புல் வெட்டு, மருந்தடிப்பு முதலிய வெளிக்காட்டு வேலைகளைப் பலர் மேற்கொள்கின்றனர். நிழல் குறைந்து, வெயிலில் நிற்கும் நேரம் கூடுகிறது. ஆபத்து இங்கேதான் வளர்கிறது.

இனி, வெப்பம் உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதைக் காண்போம். இதனை உங்களுக்குப் பால்மரமே கற்பித்திருக்கிறது. நாம் ஏன் விடியற்காலையில் மரம் வெட்டுகிறோம்? இரவின் குளிர்ச்சியில் பட்டைக்குள்ளிருக்கும் பால்குழாய்கள் நீர் நிரம்பி அழுத்தத்துடன் இருக்கின்றன. வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக வெளியிடுகின்றன. குழாய்களில் அழுத்தம் தாழ்ந்து, பால் வருவது குறைகிறது. உடலில் நீர் குறைந்தால் மரமே தன் பணியைச் சுருக்கிக்கொள்கிறது. மனிதனோ, நீர் குறைந்த பின்னரும் பணியைக் குறைக்க மறுக்கிறான்.

வேலை செய்யும் உடல் தனக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. அதனை வெளியேற்ற வியர்வை சுரக்கிறது. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. நமது நாட்டுக் காற்றிலோ ஈரம் மிகுதி. சட்டை முழுவதும் நனைந்தும் வியர்வை உலர்வதில்லை. ஆதலால் வறண்ட நாட்டின் 38 டிகிரியைக் காட்டிலும் நமது தோட்டத்தின் 34 டிகிரி கொடுமையாக அமைவதுண்டு. நீரும் உப்பும் வெளியேறியும் உடல் குளிராமற்போனால், முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றும். இது வெப்பச்சோர்வு. இந்நிலையில் நிழலும் நீரும் ஓய்வும் மனிதனை மீட்டுவிடும். இதனைப் பொருட்படுத்தாது மேலும் உழைத்தால் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக்கூடும். பேச்சுக் குழறும், நடை தடுமாறும், வலிப்பு வரும், நினைவு தப்பும். இதுவே வெப்பத்தாக்கு. இது உயிரைப் பறிக்கும் நோய். மூளை, இதயம், சிறுநீரகம் அனைத்தும் இதனால் பழுதுறும்.

"முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அன்றோ இது வரும்?" என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிளந்தானில் வெப்பத்தாக்கினால் இறந்தவன் 11 வயதுச் சிறுவன். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பகாங்கில் இறந்தவர் 22 வயது இளைஞர். வலிமையுள்ள உடல் வெப்பத்திற்கு விலக்கன்று. வலிமையுள்ளவன் நிறுத்தாமல் உழைப்பதால் விரைவில் வீழ்வதும் உண்டு.

பெருமக்களே, இன்றைய உரையின் உயிர்நாடி இதுதான். வெப்பத்தாக்குக்கு உள்ளாகும் மனிதனிடம் விரைவில் கலங்குவது அவனது அறிவு. "எனக்கொன்றுமில்லை, இன்னும் பத்து மரந்தான்" என்று அவன் கூறுவான். தன் ஆபத்தைத் தானே அறியும் நிலையில் அவன் இல்லை. பிறர்தான் அறிய வேண்டும். ஆனால் நமது வேலை எப்படிப்பட்டது? ஆளுக்கொரு நிரை, தனித்தனிப் பாதை. தொழிற்சாலையில் ஒருவன் சாய்ந்தால் பத்துப் பேர் ஓடிவருவர். நிரையில் ஒருவன் சாய்ந்தால், பால் நிறுக்கும் வேளை வரையில் யாரும் அறியமாட்டார்கள். வெப்பத்தாக்கில் அந்த ஒரு மணி நேரமே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள எல்லை. ஆகவே, அடுத்தடுத்த நிரைகளில் வேலை செய்பவர்கள் இருவர் இருவராகத் துணை சேர்ந்துகொள்ளுங்கள். குறித்த நேரத்திற்கு ஒருமுறை குரல் கொடுங்கள். மறுகுரல் வராவிடில் உளியை வைத்துவிட்டுச் சென்று பாருங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் இதனினும் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

மற்ற முறைகளையும் கூறுகிறோம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், வெயிலில் உழைக்கும்போது இருபது நிமிடத்திற்கு ஒரு குவளை நீர் அருந்துங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பின் நீர் போதவில்லை என்பது பொருள். மிகுதியாக வியர்ப்பவர்கள் உணவையும் உப்பையும் தவிர்க்கலாகாது. வெளிர்நிறத் தளர்ந்த ஆடையும் அகன்ற தொப்பியும் நன்மை தரும். மருந்தடிப்போர் அணியும் பாதுகாப்பு உடை வெப்பத்தை உள்ளே அடைத்து வைக்கும். ஆதலால் அவ்வேலையைக் காலையிலேயே முடிப்பது நலம். உடையைக் கழற்றிவிட்டு மருந்தடிப்பதோ மற்றோர் ஆபத்து. முந்தைய இரவு அருந்திய சம்சுவும் பிற மதுவும் உடலின் நீரை வற்றச் செய்வதால், மறுநாள் வெயிலுக்கு அவன் பாதி தோற்றவனாகவே செல்கிறான்.

புதிதாக வேலைக்கு வந்தவரிடம் தனிக்கவனம் தேவை. வெப்பத்திற்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வெயிலில் உயிரிழக்கும் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் வேலையின் முதல் சில நாட்களிலேயே வீழ்கின்றனர் என்பதை அமெரிக்க நாட்டின் பதிவுகள் காட்டுகின்றன. இன்று நமது தோட்டங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் உழைக்கின்றனர். மொழி வேறாயினும் மயங்கிச் சாயும் உடல் ஒன்றே. நீண்ட விடுப்பிலோ நோயிலோ இருந்து திரும்பியவரும் புதியவரைப் போன்றவரே.

ஒருவர் சாய்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றை மனத்தில் இருத்துங்கள். உடனே நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். 999 எண்ணுக்கு அழைத்து, தோட்ட அலுவலகத்திற்கும் தெரிவியுங்கள். மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். பனிக்கட்டி கிடைப்பின் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தலாகாது. நினைவற்றவரின் வாயில் நீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன் தராது. நினைவோடிருக்கும் சோர்வுற்றவர்க்கு, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிக் கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

வெயில் தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை, வீட்டுக்குள்ளும் வருகிறது. தகரக் கூரையின்கீழ் பகலில் ஏறிய சூடு நள்ளிரவு வரை இறங்குவதில்லை. இரவில் உடல் ஆறாவிடில் மறுநாள் உழைப்பு இருமடங்கு சுமையாகும். மாலையில் சாளரங்களைத் திறந்து வையுங்கள். வீட்டைச் சுற்றி நிழல் மரம் வளருங்கள். வேலைக்குச் செல்லும் தாய்மார்கள், வீட்டிலிருக்கும் முதியவருக்கு நீரை எட்டும் இடத்தில் வைத்து, நண்பகலில் எட்டிப் பார்க்க அண்டைவீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். சிறு பிள்ளையை ஒரு நிமிடமேனும் மூடிய வண்டிக்குள் விட்டுச் செல்லலாகாது. இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் மாத்திரை உண்போர், வெயில் காலத்தில் எவ்வளவு நீர் அருந்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

வெப்பம் ஒரே நாளில் கொல்வதோடு அமைவதில்லை. நிகராகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், வேறு நோய் எதுவுமில்லாத இளம் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தனர். நாள்தோறும் கடும் வெயிலில் நீர் வற்ற உழைத்தது அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அங்கே நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் ஒழுங்குமுறையாக வழங்கத் தொடங்கிய தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தது.

இந்தியாவின் அகமதாபாத் நகரம் மற்றோர் எடுத்துக்காட்டு. 2010ஆம் ஆண்டு மே மாதத்து வெப்ப அலையில், வழக்கமான எண்ணிக்கையைவிட 1,344 பேர் கூடுதலாக அந்நகரில் இறந்தனர். அதன்பின் 2013ஆம் ஆண்டில் அந்நகரம், முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவமனை ஆயத்தம் ஆகியவற்றைக் கொண்ட திட்டமொன்றை வகுத்தது. இறப்புகள் குறைந்தன. வெயிலைத் தடுக்க இயலாவிடினும் வெயிற்சாவைத் தடுக்க இயலும் என்பது தெளிவாயிற்று.

நமது நாட்டிலும் வழிமுறைகள் உள்ளன. வேலையிடத்தில் வெப்பத்தைச் சமாளிப்பது குறித்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2016ஆம் ஆண்டில் வழிகாட்டி வெளியிட்டது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையை அது வழங்குகிறது. அவ்வாறு விலகியதற்காக அவரைத் தண்டிக்க இயலாது. தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வீடுகளுக்கு இலவசக் குழாய்நீர் வழங்கும் கடமையை நிர்வாகத்தின்மீது வைத்துள்ளது. எனவே நீரும் ஓய்வும் யாரோ மனமிரங்கித் தரும் சலுகைகள் என்று எண்ணிக் கூச்சப்பட வேண்டியதில்லை. நிர்வாகத்தினரும் கங்காணிமார்களும், வெப்ப நாட்களில் வேலை நேரத்தை முன்கூட்டித் தொடங்கவும், நிரையோரத்தில் நீர் கிடைக்கவும் வகைசெய்வார்களாயின், தோட்டத்தின் ஆக்கத்திற்கும் அது துணை புரியும்.

அருமைப் பாட்டாளிகளே! இந்நாட்டின் செல்வம் பால்மரத்திலிருந்து வந்தபோது, அதனை இறக்கித் தந்தவை உங்கள் முன்னோரின் கைகள். மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் சீவும் நுட்பம் அறிந்தவர்கள் நீங்கள். மரம் நீண்டகாலம் பால் தர வேண்டுமே என்று அளந்து வெட்டும் அந்தக் கவனத்தை உங்கள் உடலுக்கும் காட்டுங்கள். நாளைக் காலை நிரைக்குள் இறங்கும்போது நீர்ப்புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிரையில் இருப்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறியதும் அவர் பெயரைச் சொல்லி ஒருமுறை அழையுங்கள்.