வன்னி வயலும் இலக்கிய வகையும்

இலக்கியத்தைச் செய்யுள், உரைநடை, நாடகம் எனப் பகுத்துரைப்பது கற்றோர் மரபு. அப்பகுப்பு ஏட்டோடு நின்றுவிடுவதன்று. வவுனிக்குளத்து நீர் பாயும் மல்லாவி வயல்வெளிக்கும் அது பொருந்தும்.

பள்ளு என்பது பிரபந்த வகைகளுள் ஒன்று. முக்கூடற்பள்ளைப் புலவர் போற்றுவர். வன்னியிலோ, பயிரை அழிக்கும் பன்றியைப் பற்றிப் பண்டிப்பள்ளும், கதிரைக் கொத்தும் குருவியைப் பற்றிக் குருவிப்பள்ளும் எழுந்தன. உழவனின் கவலையே அங்கே பாடுபொருளாயிற்று.

யானையை அடக்கிய அரியாத்தையின் கதையையும் நோக்குக. அவள்பேரில் ஓர் ஒப்பாரி வழங்குகின்றது. அதே கதை, 'வேழம்படுத்த வீராங்கனை' என்னும் கூத்தாகவும் விளங்குகின்றது. ஒப்பாரியில் துயரம் மேலோங்கும். கூத்தில் வீரம் மேலோங்கும். பொருள் ஒன்றாயினும், வகை மாறச் சுவையும் மாறுகின்றது.

இத்தகைய பாடல்களுக்குப் பாடுவோர் நாவே முதல் ஏடு. அறுவடை இயந்திரம் வந்தபின் அருவிவெட்டுப் பாடல் வயலில் அருகிற்று. 2008இல் போரினால் மல்லாவி மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் வயலைத் திருத்தினர்; பாட்டையும் மீட்டெடுத்தல் வேண்டும். முதியோர் பாட, அருகிருந்து எழுதிக்கொள்ளும் மாணவன் ஓர் இலக்கிய வகையையே காத்தவன் ஆவான்.