எங்கள் கொல்லையில் உருளைக்கிழங்கு



உருளைக்கிழங்கு தென் அமெரிக்க ஆண்டீஸ் மலையிற் பிறந்தது. பெரு நாட்டு மக்கள் அதனைப் பனியில் உறையவிட்டு, மிதித்து நீர் பிழிந்து, உலர்த்தி ஆண்டுக்கணக்கிற் சேமிப்பர். இங்கே இடுக்கி மாவட்டத்து வட்டவடையில் நம் தமிழ்க் குடியானவர்கள் பயிரிடுகின்றனர். அங்கிருந்து கொணர்ந்த விதைக்கிழங்கை ஒலவக்கோட்டில் நம் குடியிருப்புக் கொல்லையில் நட்டேன். செடி தழைத்தது, அகழ்ந்தால் கோலிக்குண்டு அளவே கிழங்கு! இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழிறங்கினாலன்றி நன்கு திரளாதாம். வட்டவடைக் குளிருக்கு நான் எங்கே போவேன்?

வெயில்பட்டுப் பச்சையேறியவற்றை மனைவியார் குழம்பிலிட முனைந்தார்; தடுத்தேன். அவற்றில் சோலனைன் என்னும் நச்சு மிகும், வேகவைத்தாலும் நீங்காது. எஞ்சியதை வறுத்தோம். ஆளுக்கு இரண்டு துண்டு. நாள்தோறும் நீர் வார்த்த மகளுக்கு மட்டும் மூன்று.