சத்திர சிகிச்சையும் ஏட்டுக் கணக்கும்



சத்திர சிகிச்சை செய்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகும் நாம் முதலிற் கேட்பது, "வெட்டின டொக்டர் ஆர்?" என்பதே. சுகம் வந்தால் அவர் கைராசி என்கிறோம். வராவிட்டால் நோயாளியின் விதி என்கிறோம். கைராசிக்கும் விதிக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு. அதுவே பெட்ஹெட் ரிக்கற் என வழங்கும் சீட்டு.

வந்த நேரம், காய்ச்சல், நாடி, கொடுத்த மருந்து, செய்த சிகிச்சை யாவும் அதிலே பதியப்படுகின்றன. ஒருவருடைய சீட்டு அவருக்கு மட்டுமே உதவும். நூறு பேருடைய சீட்டுகளை ஒருங்கே வைத்து எண்ணினாலோ வைத்தியசாலை தன்னைத் தானே அறிந்து கொள்ளும். எத்தனை பேருக்குப் புண் சீழ்ப்பிடித்தது, எத்தனை பேரை மறுபடியும் மேசையிற் கிடத்த நேர்ந்தது, எத்தனை பேர் மாண்டனர் என்பன அப்பொழுதுதான் புலப்படும்.

கிளாஸ்கோ நகரத்து வைத்தியசாலையிலே யோசப் லிஸ்ரர் என்பவரின் பொறுப்பில் கையோ காலோ துண்டிக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். காபோலிக் அமிலத்தாற் புண்ணைக் காக்கும் முறையைக் கைக்கொண்ட பின், 40 பேரில் 6 பேரே இறந்தனர். 1870 இல் அவர் இக்கணக்கை வெளியிட்டார். கணக்கு இல்லையேல் அதையும் கைராசி என்றே உலகம் சொல்லியிருக்கும்!

நமது நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பிள்ளைப்பேற்றால் நேரும் தாய் மரணம் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டு, ஏன் நேர்ந்தது என ஆராயப்படுகிறது. தென்னாசியாவிலே தாய் மரணம் குறைந்த நாடுகளுள் இலங்கை முன்னிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி நம் வன்னிக்கு வருவோம். 2009 ஆம் ஆண்டிலே புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்தன. பின்பு புதுமாத்தளனிலே தற்காலிகமாகச் சிகிச்சை நடந்தது. காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றது. அந்நாளில் உயிரை நினைப்பார்களா, தாளை நினைப்பார்களா? ஆயினும் தாள் இல்லாமையின் துன்பம் இன்னும் தீரவில்லை. எறிகணைச் சிதறலை உடம்பிலே சுமப்பவர், "முன்பு என்ன செய்தார்கள்?" என்று கேட்கும் வைத்தியருக்குத் தழும்பைத்தான் காட்டுகிறார். எது எடுக்கப்பட்டது, எது உள்ளே விடப்பட்டது என்பதைத் தழும்பு சொல்லாது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்குமுன் உடம்பில் இரும்பு உண்டா என்பது தெரிந்தாக வேண்டும். அந்தப் பொறியின் காந்தம் அதை அசைத்துவிடவுங் கூடும்.

அது போர் விட்டுச்சென்ற குறை. இக்காலத்துக் குறை ஒன்றும் உண்டு; அது துண்டு வெட்டிய பின் தொடங்குவது. வெட்டிய புண்ணிற் கிருமி பற்றுவது பலருக்கு வீடு சேர்ந்த பின்னரே தெரிகிறது. ஆதலாற் சத்திர சிகிச்சை செய்து 30 நாள் வரையும் அதைக் கணக்கிற் சேர்ப்பது உலக வழக்கம். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ உள்ள ஒருவர் பஸ் ஏறிப் பெரிய வைத்தியசாலைக்குத் திரும்பிப் போவாரா? பக்கத்துத் தனியார் மருந்தகத்தில் குளிசை வாங்கி விழுங்குகிறார். ஏட்டிலே அவர் சுகமானவர். வீட்டிலே சீழோடு கிடக்கிறார். ஒரே கிழமையில் வெட்டிய மூவருக்குச் சீழ் பிடித்ததென அறிந்தால், ஆயுதங்களை அவிக்கும் பொறியிலே பழுதுண்டா, கை கழுவுமிடத்தில் குறையுண்டா என்று தேடுவார்கள். மூவரும் மூன்று ஊரில் மௌனமாக இருந்தால் எவர் தேடுவார்?

"போய்ச் சொன்னால் டொக்டர் கோபிப்பார்" என்று பெரியோர் சிலர் தயங்குகின்றனர். நாம் கொண்டு போவது முறைப்பாடன்று, செய்தி. நல்ல வைத்தியர் அதை விரும்பியே ஏற்பார். ஏற்காதவருக்கும் ஏட்டில் எழுதும் கடமை உண்டு.

மன்றத்து இளைஞரிடம் மோட்டார்ச் சைக்கிளும் தொலைபேசியும் இருக்கின்றன. நம் ஊரில் துண்டு வெட்டி வந்தவரைப் பத்தாம் நாளும் முப்பதாம் நாளும் எட்டிப் பாருங்கள். காய்ச்சல் உண்டா, புண் சிவந்ததா, நீர் வடிகிறதா என்று கேளுங்கள். உண்டென்றால், துண்டு வெட்டும்போது தந்த அட்டையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, வெட்டிய வைத்தியசாலைக்கே அவரைக் கூட்டிச் செல்லுங்கள்.