இரண்டு பொய்ப் பெயர்கள்

(மத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மத்தூர் மேடையிலே மக்கள் முன் சொன்னதை, அன்று வர இயலாத உங்களுக்காக எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் பாதையிலே உள்ளது அவ்வூர். சுற்றிலும் மாந்தோப்புகள். தை பிறந்தால் பூ. பூ வந்தால் தத்துப்பூச்சி. பூச்சி வந்தால் மருந்து! "உன் கணவன் எங்கே அம்மா?" என்று கேளுங்கள். "மருந்தடிக்கப் போயிருக்கிறார்" என்பாள்.

மருந்தா அது? நோயைத் தீர்ப்பது மருந்து. உயிரைத் தீர்ப்பது நஞ்சு! நஞ்சுக்கு மருந்தென்று பெயர் சூட்டினோமே, அது முதற் பொய்.

இரண்டாவது பொய் எது? நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், நாடகம் எழுதுபவன். ஆகவே ஒரு காட்சியாகவே காட்டுகிறேன்.

ஒரு வீட்டுத் திண்ணை. மாமியார் கேட்கிறாள்: "அரசமரத்தைச் சுற்றினாயா?"

"சுற்றினேன் அத்தை."

"புற்றுக்குப் பால் வார்த்தாயா?"

"வார்த்தேன் அத்தை."

"பின் ஏனடி உன் மடி நிறையவில்லை?"

மருமகள் பேசவில்லை; கண்ணீர் பேசுகிறது. அந்த நேரம் கணவன் வருகிறான். முதுகிலே தெளிப்பான். நனைந்த சட்டை. முகத்திலே முகமூடி இல்லை. கையிலே உறை இல்லை. அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை! அவளுக்கோ பெயர் வைத்தாயிற்று: மலடி!

கற்பனை என்பீர்களா? காசர்கோட்டுக்கு வாருங்கள். நம் எல்லையைப் போலவே கர்நாடகத்தை ஒட்டிய மண் அது. அங்கே மாவுக்குப் பதில் முந்திரி. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் மீது, எழுபதுகளின் பிற்பகுதி தொட்டு 2000 வரை, ஹெலிகாப்டர் பறந்தது. எண்டோசல்பான் மழை பொழிந்தது! கிணற்றிலே விழுந்தது, ஓடையிலே கலந்தது, குழந்தை விளையாடும் முற்றத்திலும் இறங்கியது.

ஆமதாபாத்தின் தேசியத் தொழில்நல நிறுவனத்து ஆய்வாளர்கள் அங்குள்ள பத்ரே என்ற சிற்றூருக்கு வந்தார்கள். பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள 117 சிறுவர்களைச் சோதித்தார்கள். நஞ்சு தெளிக்கப்படாத ஊர்ச் சிறுவர்கள் 90 பேரோடு ஒப்பிட்டார்கள். 2003 இல் முடிவு அச்சேறியது. நஞ்சு விழுந்த ஊரிலே சிறுவரின் பருவமெய்தல் பின்தங்கியிருந்தது. ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. அதைச் சுரக்கச் சொல்லும் எல்.எச். என்ற ஹார்மோனோ கூடியிருந்தது.

இதன் பொருள் என்ன? மூளையின் அடியிலே பயறளவு இருக்கிறது பிட்யூட்டரிச் சுரப்பி. எல்.எச். அதன் தூதன். தூதன் சென்று, "சுரந்திடு!" என்கிறான். விரைகள் சுரக்கின்றன. இயற்கையின் ஆட்சி இது. பத்ரேயில் தூதனுக்குப்பின் தூதன் ஓடுகிறான். கட்டளை உரத்துக்கொண்டே போகிறது. ஆனால் பணி நடக்கவில்லை! சுரக்கும் இடத்திலேதான் கோளாறு என்பதற்கு அது அடையாளம்.

சிறிய ஆய்வுதான், மறுத்துரைத்தவர்களும் உண்டு. ஆயினும் 2011 மே 13 இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் எண்டோசல்பானைத் தடுத்தது. 2017 இல், பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் தரச் சொன்னது. ஐந்தாண்டு சென்றும் நிறைவேறாததால், 2022 இல் கேரள அரசைக் கண்டித்தது. நஞ்சு வானிலிருந்து விரைந்து வந்தது தோழரே. நீதியோ நடந்து வருகிறது!

தோப்போடு முடிந்ததா? மத்தூரின் இளைஞர்கள் ஓசூரின் தொழிற்கூடங்களுக்கும் செல்கிறார்கள். அவர்களுக்காக இன்னொரு வரலாறு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே லாத்ராப் என்றோர் ஊர். அங்கே டி.பி.சி.பி. என்ற நூற்புழுக் கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள்: "உனக்குக் குழந்தை உண்டா?" "இல்லை." "உனக்கு?" "எனக்கும் இல்லை!" தனித்தனி வீட்டின் துயரம் ஒரே கூடத்தின் கேள்வியாயிற்று. 1977 இல் சோதித்தார்கள். பலருக்கு விந்தணு குறைவு; சிலருக்கு அறவே இல்லை! அந்த நஞ்சினால் எலிகளின் விரைகள் சுருங்கின என்பது, அதைத் தயாரித்த நிறுவனங்கள் செய்த ஆய்விலிருந்தே 1961 இல் அச்சாகியிருந்தது. எலிக்கு நேர்ந்ததைத் தாளிலே படித்தார்கள். தொழிலாளிக்கு நேரும் வரை காத்திருந்தார்கள்! 1979 இல்தான், ஹவாய் நீங்கலாக, அங்கே தடை வந்தது.

குழந்தையில்லா வீடெல்லாம் நஞ்சினால் ஆனது என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் பல. ஆனால் குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியிலே ஆணின் குறையும் பங்கு கொள்கிறது என்கிறது மருத்துவம். பின் ஏன் அவள் மட்டும் அரசமரத்தைச் சுற்றுகிறாள்?

உழவரைக் குற்றஞ்சாட்டவுமில்லை. கடன்பட்டு நஞ்சை வாங்கி, தன் மூச்சிலேயே முதலில் இழுப்பவர் அவர். எண்டோசல்பான் போயிற்று, அதன் இடத்திலே வேறு புட்டிகள் வந்தன. எல்லாம் அதே கேட்டைச் செய்யும் என்று சொல்லேன். சோதித்தீர்களா, உழவருக்குத் தமிழிலே சொன்னீர்களா என்றுதான் கேட்கிறேன்!

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலே, தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பலமுறை பார்த்தோம். சலவைப் பொருள்களில் சிலவகை சிதைந்தால் நோனைல்பீனால் பிறக்கும்; அது உடலுக்குள்ளே பெண் ஹார்மோனின் வேடம் கட்டி ஆடும். நம் ஆற்றிலே அது எவ்வளவு? அளக்கட்டும், அளந்ததை ஊராட்சிப் பலகையிலே எழுதட்டும்! தெளிப்போருக்கு முகமூடியும் கையுறையும் கிடைக்கட்டும். ஈயம் விந்தணுவைக் கெடுக்கும். ஈயத்தோடு உழைப்பவரின் இரத்தத்தை ஆண்டுதோறும் சோதிக்கட்டும். மருத்துவமனைப் படியிலே மனைவி ஏறும்போது கணவனும் ஏறட்டும்!

இவை நாம் கேட்கவேண்டிய உரிமைகள். அரசாணைக்குக் காத்திராமல், இன்றே உங்கள் வீட்டிலே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. நஞ்சை நஞ்சென்றே சொல்லுங்கள். மலடி என்ற சொல்லை மீண்டும் சொல்லாதீர்கள். லாத்ராப்பின் தொழிலாளர்களைப் போல, வெட்கத்தை விட்டு, ஒருவரையொருவர் கேளுங்கள். பொய்ப் பெயர்கள் போகட்டும். குற்றவாளி மேடைக்கு வரட்டும்!